முடியாதக்காவின் இருநூறு இருக்கைகள்

அவர் ஓடிய தூரம் முந்நூற்றுப் பத்து மீட்டர். அரைக் கிலோமீட்டர் என்று அலுவலகத்தில் சிலர் இப்போதும் சொல்கிறார்கள். மறுநாள் நான் நாடா வைத்து அளந்தேன், முந்நூற்றுப் பத்துதான். ஐம்பத்தாறு வயதில், ஒரு கையில் இரண்டு ரப்பர் ஸ்டாம்புகளும் மறு கையில் மைப்பெட்டியுமாக அவர் ஓடினார். எதற்கு ஓடினார் என்று சொல்ல வேண்டுமானால், அவருக்கு வந்த பட்டப்பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் விமான நிறுவனம் சிறியது. பெருநகரத்துக்கு ஒரு நாளில் ஐந்து விமானங்கள். ஒவ்வொன்றிலும் எழுபத்திரண்டு இருக்கைகள். விமான நிலையத்தின் முன்கூடத்தில் எங்களுக்கு இரண்டு கவுன்ட்டர்கள். ஒன்றில் டிக்கெட் விற்பார்கள். மற்றொன்றில் டிக்கெட் மாற்றித் தருவார்கள் என்று பலகை சொல்லும். ஆனால் அங்கே மாற்றித் தரமாட்டார்கள். தேதியை மாற்றுவதற்கான கட்டணம் டிக்கெட்டின் விலையைவிட அதிகம். ஆகவே வந்து கேட்பவர்களிடம் "முடியாதுங்க" என்று சொல்லி, வேண்டுகோள் படிவத்தில் 'மாற்ற இயலாது' என்று ஸ்டாம்பு குத்தித் திருப்பிக் கொடுப்பதே அந்தக் கவுன்ட்டரின் வேலை. பதினொரு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவரை எல்லோரும் முடியாதக்கா என்று அழைத்ததில் வியப்பில்லை. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய தகப்பனார் நகரப் பேருந்தில் நடத்துநர். கணவர் பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறையே பட்டறை. முடியாதக்கா முதலில் பயணிகளின் பெட்டிகளுக்கு அடையாள அட்டை கட்டும் பிரிவில் சேர்ந்து, படிப்படியாகக் கவுன்ட்டருக்கு வந்தார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேண்டுகோள் படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. மேலே யாரும் அதைப் படித்ததில்லை. மற்றவர்கள் 'சொந்தக் காரணம்' என்று எழுதி நிரப்பிவிடுவார்கள். இவர் மட்டும் வந்தவர் சொன்னதை அப்படியே எழுதுவார். 'தம்பி மனைவிக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது.' 'நேர்காணல் ஒரு நாள் தள்ளிப்போனது.' 'வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார், வந்ததும் சேர்ந்து போகலாம்.' படிவத்தின் நகல்கள் அவருடைய இழுப்பறையில் மாத வாரியாக நூல் கட்டி இருந்தன. என் புறப்பாட்டுப் பதிவேட்டு மேசை அவருக்குப் பக்கத்தில் என்பதால் எனக்குத் தெரியும்.

கதை தொடங்கியது ஒரு திங்கட்கிழமை மாலை நான்கு இருபதுக்கு. மாற்றும் கவுன்ட்டரில் ஓர் ஆசிரியை நின்றார். மறுநாள் காலை ஏழு பத்து விமானத்துக்கு டிக்கெட் வைத்திருந்தார். தாயார் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டதால் போக முடியாது. விற்கும் கவுன்ட்டரில் ஓர் இளைஞர் நின்றார். அதே ஏழு பத்துக்கு ஓர் இடம் கிடைக்குமா என்று கெஞ்சினார். அந்தக் கவுன்ட்டர்காரர் நாற்பது வயதுக்காரர். தினமும் "ஃபுல்லு" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு ஃபுல்லுத் தம்பி என்று பெயர்.

"ஃபுல்லுங்க. ஒரு சீட்டுகூட இல்ல."

"முடியாதுங்க. மாத்தறதா இருந்தா புது டிக்கெட்டே எடுத்துடலாம், அதுதான் சல்லிசு."

இரண்டு பேரும் முதுகோடு முதுகு உரசிக்கொண்டு திரும்பி, இரண்டு வாசல்கள் வழியாக வெளியே போனார்கள். மறுநாள் காலை அந்த விமானம் பன்னிரண்டு காலி இருக்கைகளோடு பறந்தது. நான் பதிவேட்டில் எழுதும்போது முடியாதக்கா எட்டிப் பார்த்தார்.

"ஃபுல்லுன்னு சொன்னானே இவன்?"

"வித்தது எழுபத்திரண்டு. ஏறினது அறுபது" என்றேன்.

"அப்போ நேத்து அந்த டீச்சரம்மா சீட்டு?"

"சும்மாதான் போச்சு."

அவர் ஃபுல்லுத் தம்பியின் பக்கம் திரும்பினார். "தம்பி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து நேத்து என்ன பண்ணோம் தெரியுமா? பசிச்சவன் ஒருத்தன், சாப்பாடு வேண்டாம்னவங்க ஒருத்தங்க. ரெண்டு பேரையும் விரட்டிட்டு சோத்தைக் கொண்டுபோய் வானத்துல கொட்டியிருக்கோம்."

"நம்ம கையில என்னக்கா இருக்கு? மேலே சொல்றதைத்தானே செய்யறோம்."

"மேலே இருக்கறவங்களுக்கு இது தெரியுமான்னு கேட்கிறேன்."

தெரியாது. தலைமை அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் விற்ற இருக்கைதான் 'நிறைந்த இருக்கை'. ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது என் பதிவேட்டோடு நின்றுவிடும். முடியாதக்கா என் பதிவேட்டைக் கடனாகக் கேட்டார். பதிவேட்டை மேசையை விட்டு வெளியே விடும் பழக்கம் எனக்கில்லை. அவர் பத்து நாட்கள் உணவு இடைவேளையில் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நகல் எடுத்தார். முந்தைய ஆண்டில் ஏழு பத்து விமானம் இருநூற்று எண்பத்தெட்டு நாட்கள் 'நிறைந்து' பறந்திருந்தது. அந்த நாட்களில் சராசரியாகப் பதினொரு இருக்கைகள் காலி.

வருவாய் மேலாளரின் அறை முதல் மாடியில். எதைச் சொன்னாலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்பதால் அவர் பெயர் கால்குலேட்டர். பதிவேட்டில் சந்தேகம் வந்தால் கேட்பதற்கென்று என்னையும் முடியாதக்கா கூட்டிக்கொண்டு போனார்.

"சார், தினம் பதினோரு சீட்டு காலியா போகுது."

"காலியா போனா என்னம்மா? காசு வாங்கிட்டோம்ல. ஆளும் இல்ல, பெட்டியும் இல்ல, எண்ணெய்கூட மிச்சம்." அவர் சிரித்தார். "அது நமக்கு லாபம்."

"அதே சீட்டைக் கேட்டு தினம் இருபது பேர் கீழே நிக்கறாங்களே சார். அதுவும் கடைசி நேர விலைக்கு."

"மாத்த விட்டா, மாத்திக்கிட்டவன் வேற விமானத்துல ஒரு சீட்டைப் பிடிச்சுக்குவான். ஒரு கையில வந்தது மறு கையில போயிடும்."

"மத்தியான விமானம் பாதி காலி சார். சாயங்காலம் நாலு இருபது விமானம் முப்பது பேரோட போகுது. அங்கே உட்காரட்டுமே."

மேலாளர் தட்டத் தொடங்கியவர், நிறுத்தினார். "மாற்றுக் கட்டணம் வருதே, அது?"

"போன வருஷம் ஒன்பதாயிரத்து நானூத்திப் பன்னெண்டு பேர் மாத்தக் கேட்டாங்க. கட்டணம் கட்டினவங்க முப்பத்தோரு பேர். மீதிப் பேர் என்ன சொல்லிட்டுப் போனாங்கன்னு எங்கிட்ட இருக்கு, படிக்கட்டுமா?" அனுமதிக்குக் காத்திராமல் படித்தார். "'இனிமே உங்க பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.' 'ரயில்ல நின்னுக்கிட்டே போறேன், அது தேவலை.' 'உங்க வீட்டுலயும் ஒருத்தருக்கு உடம்பு முடியாமப் போகும்.' இது சாபம் சார், இதையும் எழுதித்தான் வச்சிருக்கேன்."

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார்.

"எங்கப்பா பஸ் கண்டக்டர் சார். ஒருத்தர் இறங்கறேன்னு சொன்னா, நிக்கறவரை உட்காரச் சொல்லுவார். இறங்கறவர்கிட்ட அபராதம் கேட்டா அவர் ஏன் சொல்லப் போறார்? பேசாம இறங்கிப் போயிடுவார். நம்மாளுங்களும் அதைத்தான் செய்யறாங்க."

நான்கு நிமிடம் மேலாளர் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நாலு வாரம். ஏழு பத்து ஒண்ணுக்கு மட்டும். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொன்னா, கட்டணம் இல்லாம வேற விமானத்துக்கு மாத்திக் குடுங்க. இருநூறு சீட்டு மறுபடி விக்கணும். சும்மா வித்தா போதாது. புதுசா வாங்கினவரும் பறக்கணும், மாத்திக்கிட்டவரும் அந்த நாலு வாரத்துக்குள்ள பறக்கணும். ரெண்டு பேரும் பறந்தாத்தான் ஒண்ணு. உங்க ஸ்டாம்பு குத்தின படிவம் ஏறுற கதவுல வாங்கி எனக்கு வரணும். வாய்வார்த்தை செல்லாது."

"சரி சார்."

"இருநூறு வரலைன்னா, மாத்தாத டிக்கெட்டுக்கு மாத்தற கவுன்ட்டர் எதுக்கு? மூடிடுவேன். நீங்க அடித்தளத்துல காணாமப்போன பெட்டி அறைக்குப் போகணும்."

அந்த அறையில் சன்னல் கிடையாது. முடியாதக்காவுக்கு ஓய்வுபெற இரண்டு ஆண்டுகள் பாக்கி. அவர் மறுபடியும் "சரி சார்" என்றார். படியிறங்கும்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தார்.

புது ஸ்டாம்பு மறுநாளே வந்தது: 'மாற்றப்பட்டது'. மற்ற நான்கு விமானங்களுக்குப் பழைய விதிதான் என்பதால் பழைய ஸ்டாம்பும் மேசையில் இருக்க வேண்டியதாயிற்று. இரண்டுக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கைப்பிடி. முதல் நாள் முதல் படிவத்திலேயே அவருடைய கை தானாகப் போய்ப் பழையதை எடுத்துக் குத்திவிட்டது. இரண்டாவது படிவத்திலும் அப்படியே. நல்லவேளை, இரண்டையும் உடனே பார்த்துவிட்டார்.

வீட்டில் சொன்னபோது கணவர் வேலையிலிருந்து தலை நிமிராமல் சொன்னாராம்: "பல்லைப் பிடுங்கின இடத்துக்கு நாக்கு போய்க்கிட்டேதான் இருக்கும். ஒரு மாசமாவது ஆகும், கவனமா இரு." மறுநாள் முடியாதக்கா புது ஸ்டாம்பின் கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றினார்.

முதல் வாரம் யாரும் நம்பவில்லை. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் மருத்துவச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், திருமண அழைப்பிதழ் ஆகிய மூன்றையும் கோப்பில் போட்டுக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்தார்.

"மாத்திடலாங்க. எந்த விமானம் வேணும்?"

"எவ்வளவு கூட?"

"ஒண்ணும் வேண்டாங்க."

அவர் கோப்பைத் திறந்தபடியே நின்றார். "இல்லம்மா, நீங்க முதல்ல முடியாதுன்னு சொல்லுங்க. நான் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கிட்டு வந்திருக்கேன்."

"சரி, முடியாதுங்க."

"என்னோட நிலைமையைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று தொடங்கி அவர் இரண்டு நிமிடம் பேசினார். முடியாதக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க இவ்வளவு சொன்ன பிறகு மாத்தாம இருக்க முடியுமா?" என்று ஸ்டாம்பைக் குத்தினார். மனிதர் வெற்றியோடு போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களிடமெல்லாம் சொன்னார் போலிருக்கிறது.

முதல் வாரம் பதினேழு. இரண்டாவது வாரம் நாற்பத்து நான்கு. மூன்றாவது வாரம் அறுபத்தாறு. ஃபுல்லுத் தம்பிக்கு இப்போது "ஃபுல்லு" என்று சொல்ல நேரமே இல்லை. "இருங்க, இருங்க, போயிடாதீங்க, அக்காகிட்ட ஒண்ணு விழும்" என்று வரிசையை நிறுத்தி வைப்பார். அக்காவின் கவுன்ட்டரில் ஒரு டிக்கெட் மாறியதும் இந்தப் பக்கம் திரும்பி, "ஒண்ணு வந்துடுச்சு, முன்னாடி வாங்க" என்பார். பெட்டி தூக்குபவர்கள்கூட வந்து "எத்தனைக்கா ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாதுகாப்புச் சோதனையிலிருக்கும் பெண் கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரல்களைக் காட்டி எண்ணிக்கை கேட்பார்.

கடைசி நாள் காலை ஏழு பத்து விமானம் எழுபத்திரண்டு பேரோடு புறப்பட்டது. என் பதிவேட்டில் அப்படி ஒரு எண்ணை எழுதிப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இரண்டு பேரும் பறந்த கணக்கு அப்போது நூற்றுத் தொண்ணூற்றேழு. மீதி மூன்று பேர் அன்று மாலை நான்கு இருபது விமானத்துக்கு மாற்றிக்கொண்டவர்கள். அவர்கள் மூவரும் ஏறிவிட்டால் இருநூறு. ஒருவர் குறைந்தாலும் அடித்தளம்.

மூன்றரைக்கு முதலாமவர் உள்ளே போனார். மூன்று நாற்பத்தைந்துக்கு இரண்டாமவர். மூன்றாமவர் ஒரு தையல் மெஷின் மெக்கானிக், பெண்மணி; மகளைக் காலைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று முந்தைய நாள் மாலை ஐந்து ஐம்பதுக்கு வந்து மாற்றிக்கொண்டவர். அவர் உதிரிப்பாகப் பெட்டியோடு மூன்று நாற்பத்தொன்பதுக்கு உள்ளே போனதைக் கவுன்ட்டரில் நாங்கள் மூவருமே பார்த்தோம். ஃபுல்லுத் தம்பி மேசையில் தாளம் போட்டார்.

மூன்று ஐம்பத்தேழுக்குத் தொலைபேசி அடித்தது. மூன்றாம் கதவிலிருந்து. அந்தக் கதவைக் காப்பவர் கல்லில் நார் உரிக்கலாம், இவரிடம் ஒரு சலுகை வாங்க முடியாது என்று பெயர் எடுத்தவர்.

"அக்கா, மெக்கானிக் அம்மா ஒருத்தங்க நிக்கறாங்க. படிவத்துல 'மாற்ற இயலாது'ன்னு உங்க ஸ்டாம்பே இருக்கு. ஏத்த முடியாது, அனுப்பிடறேன்."

முடியாதக்கா மேசையில் இருந்த இரண்டு ஸ்டாம்புகளையும் திரும்பிப் பார்த்தார். முந்தைய நாள் ஐந்து ஐம்பதுக்கு வரிசையில் பதினான்கு பேர் நின்றார்கள். சிவப்பு நூலைக் கண் பார்த்திருக்கும்; கை பார்க்கவில்லை.

"தம்பி, அது என் தப்பு. கம்ப்யூட்டர்ல பாரு, மாத்தியாச்சு."

"கம்ப்யூட்டர்ல இருக்குக்கா. ஆனா படிவத்துல ஸ்டாம்பு வேணும்னுதான் எனக்கு உத்தரவு. வாய்வார்த்தை செல்லாதுன்னு எழுதியே ஒட்டியிருக்காங்க. நாலு அஞ்சுக்குக் கதவைச் சாத்தணும்."

"வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையா இருக்கே" என்று ஃபுல்லுத் தம்பி தலையில் கை வைப்பதற்குள் முடியாதக்கா ஸ்டாம்புகளையும் மைப்பெட்டியையும் வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் விரைந்தேன். மூன்று ஐம்பத்தெட்டு.

முன்கூடத்தைத் தாண்டும்போது ஒரு செருப்பு கழன்றது. அவர் நிற்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். பாதுகாப்புச் சோதனையில் கருவி கூவியது. ஸ்டாம்புக் கைப்பிடிக்குள் இரும்புத் திருகாணி.

"அக்கா, பெல்ட்டு மேல வைங்க."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"எத்தனை ஆச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல."

"நூத்தித் தொண்ணூத்தொன்பது" என்றார் முடியாதக்கா மூச்சுவாங்க. சோதனைப் பெண் பெல்ட்டில் முன்னால் இருந்த இரண்டு பைகளை ஓரமாக நகர்த்தி, ஸ்டாம்புகளை முதலில் விட்டார். நாற்பது விநாடிகள். அதற்கு மேல் நகரும் படிக்கட்டு, அன்று நகரவில்லை. முப்பத்திரண்டு படிகள். பாதியில் ஒரு பயணி, "என்னம்மா, விமானம் போயிடுச்சா?" என்று கேட்டார். "போகலை, நான்தான் போறேன்" என்றபடி அவரைக் கடந்து ஏறினார்.

மூன்றாம் கதவுக்கு வந்தபோது நான்கு மூன்று. மெக்கானிக் அம்மா உதிரிப்பாகப் பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார்.

"நேத்து சிரிச்சுக்கிட்டே குத்திக் குடுத்தீங்களே, படிச்சுப் பார்க்காம வாங்கிட்டேன்" என்றார்.

"நானும் படிச்சுப் பார்க்காமத்தான் குடுத்தேன். பெட்டியைக் கீழே வைங்க."

பெட்டியின் மூடிமேல் படிவத்தை விரித்தார். பழைய முத்திரையைக் குறுக்கே அடித்துக் கையெழுத்திட்டார். ஸ்டாம்பைக் கையில் எடுத்தவர், அப்படியே நின்றார். சிவப்பு நூல் சுற்றியதுதான். என் கண்ணுக்கே தெரிந்தது. ஆனாலும் மையில் ஒற்றி, முதலில் தன் இடது உள்ளங்கையில் அழுத்தினார். கையை விரித்துக் கதவுக்காரரிடம் நீட்டினார்.

"படி."

"மாற்றப்பட்டது" என்று அவர் படித்தார்.

"என் கையை நானே நம்பமாட்டேன் இப்போ" என்று சொல்லிப் படிவத்தில் குத்தினார். நான்கு நான்கு. கதவுக்காரர் படிவத்தை விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், மறுபடி முத்திரையைப் பார்த்தார். மெக்கானிக் அம்மா ஒரு காலை ஏற்கெனவே கதவுக்குள் வைத்திருந்தார். "போங்கம்மா" என்றார் அவர். கதவு சாத்தியபோது சரியாக நான்கு ஐந்து.

நான் செருப்பைக் கீழே வைத்தேன். முடியாதக்கா அதைப் போடவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று விமானம் மேலே ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு இருபத்திரண்டு. இரண்டு நிமிடத் தாமதம், பதிவேட்டில் இருக்கிறது.

ஐந்தரைக்கு மேலாளர் அறையில் படிவங்கள் எண்ணப்பட்டன. கடைசிப் படிவத்தில் இரண்டு முத்திரைகளைப் பார்த்ததும் அவர் நிறுத்தினார்.

"இது என்ன?"

"என் தப்பு சார். பழக்கத்துல குத்திட்டேன். கதவுக்கு ஓடிப்போய்த் திருத்தினேன்."

"இதைக் கழிச்சா நூத்தித் தொண்ணூத்தொன்பது."

"ஆமா சார்."

மேலாளர் தொலைபேசியை எடுத்துக் கதவுக்காரரை அழைத்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தம்மா பறந்தாங்களா?" பதிலைக் கேட்டு வைத்துவிட்டு, முதல்முறையாகத் தட்டிப் பார்க்காமல் எழுதினார்: இருநூறு.

"ஆனா நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. பொது மேலாளர் கையெழுத்து வேணும். காலையில உத்தரவு வந்தா அஞ்சு விமானத்துக்கும் சேர்த்து வரும். வரலைன்னா நாளையிலிருந்து பழைய விதிதான்."

அன்று வீட்டுக்குப் போனதும் கணவர் அவருடைய உள்ளங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாராம். "மாற்றப்பட்டதுன்னு போட்டிருக்கு. இருபத்தொன்பது வருஷமா நான் சொல்லி ஒண்ணும் மாறலை, ஒரு ஸ்டாம்புக்கு மாறிட்டியா?" என்றாராம். சோப்புப் போட்டும் மை போகவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உத்தரவு வரவில்லை. ஒன்பது பதினைந்துக்கு ஓர் ஓட்டுநர், மத்தியான விமானத்தின் டிக்கெட்டோடு வந்தார். முதலாளி பயணத்தை நாளைக்குத் தள்ளிவிட்டாராம். அந்த நிமிடத்தில் செல்லுபடியாகும் விதி பழைய விதி. மேசையில் பழைய ஸ்டாம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. முடியாதக்கா படிவத்தை வாங்கி, காரணக் கட்டத்தை அவர் சொன்னபடியே நிரப்பினார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"முடியுமா, முடியாதாம்மா?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"உட்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலைங்க. உட்காருங்க, வரும்."

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மேலாளரே படியிறங்கி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. அவர் முன்கூடத்தைப் பாதி கடப்பதற்குள், முடியாதக்கா சிவப்பு நூல் சுற்றிய ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றியிருந்தார்.